பாதியில் குழறிய வரி

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் காலைச் சமையலுக்கு ஒரு குரல் உண்டு. அம்மா காய் நறுக்கிக்கொண்டிருப்பார். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அப்பா செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பார். தலைப்புச் செய்தியில் பிடித்தால் வாசகர் கடிதம் வரை விடமாட்டார். கல்யாணமான புதிதில் தொடங்கியதாம் இந்தப் பழக்கம். "உனக்குக் கைதானே வேலையா இருக்கு, காது சும்மாதானே இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தவர். 43 வருஷமாக அந்த நாற்காலி அங்கேதான் இருக்கிறது. அம்மா பதில் ஒன்றும் சொல்லமாட்டார். கேட்கப் பிடிக்காத செய்தி வந்தால் பாத்திரத்தைச் சற்றுப் பலமாக வைப்பார். அப்பா புரிந்துகொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

போன வருஷம் ஒரு நாள் காலை. நான் அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மழைச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். "அடுத்த இரண்டு நாட்களுக்கு" என்று வந்தது. மறுபடியும் "நாட்களுக்கு". அடுத்து வந்தது சொல்லாக இல்லை. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குழறல். எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் உறைக்கவில்லை. இருமல் வந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு உறைத்துவிட்டது. அடுப்பை அணைக்கிற "டக்" என்ற சத்தம் கேட்டது. "என்னங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டார். அந்தக் கூப்பிடலில் நான் ஓடி வந்தேன்.

அப்பாவின் வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்தது. தாளின் வலது பக்கம் கையிலிருந்து நழுவித் தொடைமேல் கிடந்தது. இடது கை மட்டும் இடது பக்கத்தை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதித் தாளை நான் மறக்கவில்லை.

அடுத்து நான் செய்தது தப்பு. இந்த உரைக்கு ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் அப்பாவின் வாயில் வைத்தேன். பாதி உள்ளே போனது, பாதி வலது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. யாருக்கு மயக்கம் வந்தாலும், தடுமாற்றம் வந்தாலும் நம் கை முதலில் தண்ணீரைத்தான் தேடுகிறது. பக்கவாத அறிகுறி தெரிந்தால் தண்ணீரும் கூடாது, உணவும் கூடாது, மாத்திரையும் கூடாது. முகத்தை இழுத்த அதே பாதிப்பு தொண்டையையும் தளர்த்தியிருக்கலாம். அப்போது குடித்த தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சேரும். ஆஸ்பத்திரிகளில் விழுங்கும் திறனைச் சோதித்த பிறகுதான் முதல் மடக்கே கொடுப்பார்கள். அன்று டாக்டர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வியே, "குடிக்க ஏதாவது கொடுத்தீங்களா?" என்பதுதான்.

முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?"

அதற்கு அம்மாவிடம் பதில் இருந்தது. 7.40. அடுப்பை அணைத்த கையோடு கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். எந்தப் புத்தகத்தில் படித்தும் அல்ல. அடுப்பில் எதையாவது வைத்தால் நேரம் பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான். ஆனால் பக்கவாத சிகிச்சையில் பாதி அந்த நேரத்தைப் பொறுத்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டுக் கிடக்கிற ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாவிட்டால், டாக்டர் மற்ற வழிகளைத் தேடித் தடவ வேண்டியிருக்கும்.

தம்பி போனில், "வீட்டுல ஆஸ்பிரின் இருக்கே, ஒண்ணு குடுத்துடலாமா அக்கா?" என்று கேட்டான். அவனும் பதறித்தான் கேட்டான். பக்கவாதம் அடைப்பாலும் வரும், ரத்தக்கசிவாலும் வரும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். எது என்று ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். நல்லவேளை, ஆம்புலன்ஸை அழைத்தபோது அதை எடுத்தவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள், ஒரு இருபது நிமிஷத்தில், அப்பா சரியாகிவிட்டார். வாய் நேரானது. கை தூக்கினார். பேச்சு தெளிவாக வந்தது. "எனக்கு ஒண்ணுமில்லைம்மா. ராத்திரி சரியா தூங்கலை. எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதை நம்பத்தான் ஆசை. அம்மா சட்டை மாற்றிவிட்டு, "வண்டி வந்துடுச்சு, ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைதான் அப்பாவைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். இப்படி வந்து தானாக விலகுவதை மினி ஸ்ட்ரோக் என்கிறார்கள், தற்காலிகப் பக்கவாதம். டாக்டர்கள் டிஐஏ என்பார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டு, மறுபடி வழி திறக்கிறது. போய்விட்டதே என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் அதற்கு அடுத்த இரண்டு நாட்களில்தான் முழுப் பக்கவாதம் வருகிற ஆபத்து மிக அதிகம். முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, இந்த மூன்றில் ஒன்று ஐந்து நிமிஷம் வந்துவிட்டுப் போனாலும் அன்றைக்கே, அப்போதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லாரிடமும் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியுமாம். பிறகு ஸ்கேன், இ.சி.ஜி., கழுத்து ரத்தக்குழாய்க்கு ஒரு பரிசோதனை. ஒரு நர்ஸ் வந்து அட்டையில் இருந்த படங்களைக் காட்டி, "இது என்ன? இது?" என்று கேட்டார். அதன் பிறகு இன்னொரு அட்டையில் இருந்த வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, பரீட்சை எழுதுகிற பையனைப் போலப் படித்தார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிழையில்லாமல் முடித்தார். நர்ஸ் குறித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது இன்னொரு நோயாளி. அப்பாவின் கை மட்டும் அட்டை போன பிறகும் அதைப் பிடித்திருந்த நிலையிலேயே இருந்தது.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அப்பா ரத்த அழுத்த மாத்திரையை ஆறு வாரமாக நிறுத்தியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். ரத்த அழுத்தம் கூடினால் பெரும்பாலும் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது, வலிக்காது. மாற்றக்கூடிய காரணங்களில் பக்கவாதத்துக்கு முதல் காரணம் அதுதான். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. மாத்திரை அட்டையை ஒரு நாளாவது எடுத்துப் பார்த்தேனா என்று கேட்டுக்கொண்டபோது அந்தக் கோபம் என் பக்கமே திரும்பியது.

இரவு நான்தான் துணைக்கு இருந்தேன். நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். பயம் வந்தால் படிப்பேன், வேறு எதுவும் தெரியாது. போனைத் திறந்து மூளை, பேச்சு, வாசிப்பு என்று தேடிக்கொண்டே போனேன். பிரெஞ்சு மருத்துவர் டெஜரின் 1892-இல் பதிவு செய்த ஒரு நோயாளியைப் பற்றிப் படித்தேன். அவருக்குப் பார்வை இருந்தது, பேச வந்தது, எழுதவும் முடிந்தது. படிக்க மட்டும் முடியவில்லை. தன் கையால் எழுதியதையே எடுத்துக் கொடுத்தால் அவருக்கு அது கோடுகளாகத்தான் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் தாளை எடுக்கும்போது அவருக்கும் அப்படித் தெரிந்துவிட்டால் என்ற எண்ணம் வந்து, விடியும் வரை என்னைத் தூங்கவிடவில்லை. அந்த அறிவால் அன்றிரவு யாருக்கும் ஒரு பயனும் இல்லை. நாம் படிப்பது உண்மைதான் என்றாலும், படிக்கிற வேளை என்று ஒன்று இருக்கிறது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு இரண்டு. கூடவே டாக்டர் அம்மாவிடம் சொன்னது, "உப்பைக் குறைங்க."

குறைங்க என்றால் எவ்வளவு? 43 வருஷமாகக் கை அளவில் போட்டுப் பழகியவருக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. இது சமையலில் போடுவது மட்டும் இல்லை, வாங்கித் தின்பதில் ஒளிந்திருப்பதும் சேர்த்து. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் நாங்கள் நான்கு பேர். ரொட்டி, பிஸ்கட்டில் வருவதற்கு இடம் விட்டு, காலையிலேயே தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் உப்பை, ஏறக்குறைய 12 கிராம், ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவார். உப்பு ஜாடி மேல் அலமாரிக்குப் போய்விட்டது. அன்றைக்கு எத்தனை வேளை சமைத்தாலும் அந்தக் கிண்ணம்தான். காலியானால் அவ்வளவுதான்.

முதல் வாரம் எதுவும் வாயில் வைக்க முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அம்மாவே ருசி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது. உப்பைக் கொதிக்கும்போதே போடாமல், இறக்குகிற நேரத்தில் தூவினால் குறைந்த உப்பே நாக்குக்குத் தெரிகிறது. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்தால் உப்பு இல்லாத குறை பாதி மறைகிறது. பூண்டைச் சிவக்க வதக்குவது, மிளகை அப்போதைக்கப்போது பொடிப்பது, காயை அளவாக வேகவைத்து அதன் சொந்த ருசியை விட்டுவைப்பது. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் நம்பவில்லை. ஆனால் பழகியது. இரண்டு மாதம் கழித்து வெளியில் ஒரு இடத்தில் சாப்பிட்டபோது, "என்ன இவ்வளவு கரிக்குது" என்று கேட்டது என் 12 வயது மகள்.

அத்தை அன்போடு குறைந்த சோடியம் உப்பு ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருக்கும். பலருக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துக்கே ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் அதைப் பிரிக்க வேண்டாம் என்று வைத்துவிட்டோம்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. எல்லாரும் அன்பால் வந்தவர்கள். ஆனால் ஒருவர் விடாமல் தங்களுக்குத் தெரிந்த, இதே மாதிரி விழுந்து எழுந்திருக்காத ஒருவரின் கதையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த மூச்சில், "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்கள்.

உப்பை விடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்திருந்தது, அதை நான் பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். சமையலறை சத்தமில்லாமல் இருந்தது. அப்பா நாற்காலியில் வந்து உட்காருவார், தாளை விரிப்பார், மனசுக்குள் படிப்பார். வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஸ்கேனில் தழும்பும் இல்லை. பயம்தான். இன்னொரு வரியில் நாக்கு புரண்டுவிட்டால், அதை அம்மா கேட்டுவிட்டால், என்று பயம். அம்மாவும் கேட்கவில்லை. காய் நறுக்கும் சத்தம் மட்டும். சாப்பாடும் குறைந்தது. தட்டில் பாதி அப்படியே இருக்கும். "அப்புறம் சாப்பிடறேன், வை" என்பார். அம்மா மூடி பக்கத்திலேயே வைப்பார். ஆறி, ஏடு கட்டி, மாலையில் எடுத்துப் போடும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

அந்த நாட்களில்தான் எங்கள் நூலகத்தின் பழைய அடுக்கிலிருந்து ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய "நோட்ஸ் ஆன் நர்சிங்" கைக்கு வந்தது. 1859-இல் எழுதிய சின்னப் புத்தகம். கிரிமியப் போரிலிருந்து திரும்பியவர், தானே உடம்பு முடியாமல் பெரும்பாலும் படுக்கையில் இருந்த வருஷங்களில் எழுதியது. நர்ஸ்களுக்காக மட்டும் எழுதவில்லை, வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்கிற யாருக்கும் எழுதியது. நோயாளி தொடாத உணவை அடுத்த வேளை வரை அவர் பக்கத்தில் விட்டுவைப்பது, அவரைச் சாப்பிடவே விடாமல் செய்வதற்குச் சமம் என்கிறார். பார்த்துப் பார்த்தே வெறுத்துப்போகும். வேளைக்குக் கொண்டு வா, வேண்டாம் என்றால் உடனே எடுத்துவிடு, மறுபடி வேளைக்குக் கொண்டு வா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார், யாரோ தெரிந்த பெண் சொன்ன மாதிரி. அன்று முதல் சின்னத் தட்டு, சின்ன அளவு, குறித்த நேரம். மீந்தால் பத்து நிமிஷத்தில் தட்டு போய்விடும்.

அதே புத்தகத்தில் வாசிப்பைப் பற்றியும் வருகிறது. நோயாளிக்கு ஏதாவது படித்துக் காட்ட வேண்டுமானால் மெதுவாகப் படி என்கிறார். சீக்கிரம் முடித்துவிட்டால் அவருக்குக் களைப்புக் குறையும் என்று நினைத்துக் குதிரை ஓட்டமாகப் படிக்கிறார்கள், அது பெரிய தப்பு. ஒரு கதை சுருக்கமாகத் தோன்ற வேண்டுமானால் அதை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று ஹூடின் என்ற மாயவித்தைக்காரர் சொன்னதை எடுத்துக்காட்டுகிறார். தான் மனசுக்குள் படித்துக்கொண்டே, நடுநடுவே பிடித்த துண்டுகளை மட்டும் நோயாளிக்குப் படித்துக் காட்டுகிற பழக்கத்தையும் கண்டிக்கிறார். போனைப் பார்த்துக்கொண்டே, "அப்பா இதைக் கேளுங்க" என்று ஆஸ்பத்திரியில் நான் செய்தது அதையேதான்.

என் மகளைப் பள்ளிக்கு முன்னால் பத்து நிமிஷம் தாத்தாவுக்குப் படிக்கச் சொன்னேன். அவள் ஓட்டமாகத்தான் ஓடினாள். நிறுத்தற்குறி எதற்கும் நிற்கமாட்டாள். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த அப்பா, "அங்கே ஒரு புள்ளி இருக்கு பார், மூச்சு விடு" என்றார். அடுத்த வரியில், "அந்தப் பேர் அப்படியில்லை" என்று திருத்தினார். சொல்லிக்கொடுக்கக் குரல் வெளியே வந்தது. படிக்க இன்னும் வரவில்லை.

வந்தது, பாக்கெட்டில். அம்மாவுக்குப் பொடி எழுத்து தெரியாது. கடையிலிருந்து வந்த ரொட்டிப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உப்பு எவ்வளவுன்னு போட்டிருக்கா, பாருங்களேன்" என்று அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாக்கெட்டைக் கண்ணருகே கொண்டுவந்து, "நூறு கிராமில், சோடியம், நானூற்று எண்பது மில்லிகிராம்" என்று வாய்விட்டுப் படித்தார். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. "ஒண்ணே கால் கிராமுக்குக் கொஞ்சம் கம்மி" என்றார். அம்மா அடுத்து சாஸ் புட்டியை நீட்டினார். "ஆயிரம். இரண்டரை கிராம்! இதைத் தூரப் போடு." அதற்கடுத்து பிஸ்கட். அன்று அலமாரியில் இருந்த எல்லாவற்றையும், சர்க்கரை, கொழுப்பு, தயாரித்த தேதி உட்பட, அப்பா படித்து முடித்தார். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு சாமான்களை அவர் இரண்டாம் தடவை நீட்டியதை நான் பார்த்தேன். அப்பா கவனிக்கவில்லை, மறுபடியும் படித்தார்.

மறுநாள் காலை பருப்பு வெந்துகொண்டிருந்தபோது செய்தித்தாள் தொடங்கியது. தலைப்புச் செய்தி. மெதுவாக.

இப்போது அப்பாவுக்கு 72 முடிந்துவிட்டது. மாத்திரை அட்டையை என் மகள் தினமும் எண்ணுகிறாள். ரத்த அழுத்தத்தை வாரத்தில் மூன்று நாள், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்த்து நோட்டில் எழுதுகிறோம். நாற்காலி வாசலில் இருக்கிறது. முன்பு இல்லாத ஒன்று மட்டும் வந்திருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும்போது சில நாள் அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு, "அந்த வரியை இன்னொரு தடவை படிங்க" என்பார். அப்பா திரும்பப் படிப்பார். சரியாக வந்ததும் கரண்டி மறுபடி நகரும். செய்தி காதில் விழாமல் கேட்கிறாரா, வேறு எதற்காகக் கேட்கிறாரா என்று நான் அம்மாவைக் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. படித்துவிடுகிறார்.

நன்றி. வணக்கம்.